சால் தீவின் பல்மெய்ரா: கடற்கரை விடுதிகளைத் தாண்டி ஒரு துறைமுகக் கிராமம்

நெய்தல்வாசன்

கேப் வெர்டே பற்றி இந்தக் களத்தில் ஏற்கெனவே ஓர் இழை ஓடுகிறது. அதில் பாதிக்கு மேல் சாந்தா மரியா கடற்கரை, எந்த விடுதியில் சாப்பாடு நன்றாக இருக்கும், எந்த மாதம் விலை குறையும் என்ற பேச்சுதான். தவறில்லை. ஆனால் அதே தீவின் மேற்குக் கரையில் இருக்கும் பல்மெய்ராவைப் பற்றி யாரும் ஒரு பத்திகூட எழுதவில்லை. "சுற்றுலா வேன் கொஞ்ச நேரம் நிறுத்தும், ஒரு காபி குடிக்கலாம்" என்று ஒருவர் போட்டிருந்தார். அந்த ஊருக்கு இது போதாது என்று பட்டதால் இந்தத் தனி இழை.

முதலில் தீவைச் சொல்லிவிடுகிறேன். செனகல் கரையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் பத்துத் தீவுகள். 1975 ஜூலை 5 வரை போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்தவை. அவற்றில் சால் தட்டையான தீவு: நீளம் 30 கிலோமீட்டர், அகலம் அதிகம் போனால் 12. உயரமான இடமே 406 மீட்டர்தான், மோன்தே கிராந்தே என்ற மலை. மேகத்தைத் தடுத்து நிறுத்த உயரமில்லை, அதனால் மழையும் இல்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மழைக்காலம் என்று பெயர். சில ஆண்டுகளில் அந்தப் பெயர் மட்டும்தான் வரும். ஆறு கிடையாது, ஓடை கிடையாது. பழுப்பு மண், கறுப்புக் கல், அதன் மேல் ஓயாமல் வடகிழக்குக் காற்று.

அந்தக் காற்றுதான் பல்மெய்ராவை உண்டாக்கியது. கிழக்குக் கரையில் கடல் எந்நேரமும் அடித்துக்கொண்டே இருக்கும். மேற்கில், காற்று மறைவில், ஒரு சின்ன விரிகுடா. அங்கே கப்பல் நிற்க முடியும். அவ்வளவுதான் அந்த ஊருக்கு இருக்கும் சொத்து. சில தெருக்கள், மஞ்சளும் நீலமும் ரோஜா நிறமும் பூசிய தாழ்வான வீடுகள், ஒரு தேவாலயம், படகுகளை இழுத்து வைத்திருக்கும் ஒரு துண்டுக் கரை. அதற்குப் பக்கத்திலேயே அலைத்தடுப்புச் சுவர், கன்டெய்னர்கள், எரிபொருள் தொட்டிகள், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. படம் எடுக்கிறவர்கள் வண்ண வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தொட்டிகள் சட்டத்துக்குள் வராமல் திருப்பிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தத் தொட்டிகள்தான் முக்கியமாகத் தெரிகின்றன. தீவில் எரியும் டீசல், விமானத்துக்கு ஊற்றும் எரிபொருள், சமையல் காஸ், சிமென்ட், அரிசி, வெங்காயம் எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், கடற்கரையை விட்டுவிட்டு இந்தத் துறைமுகத்துக்குப் போங்கள் என்று சொல்வேன். போய் வந்தவர்கள், கடலில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

---

வன்னிமகள்

வணக்கம் அண்ணா. நாங்கள் லண்டனிலிருந்து பிள்ளைகளோடு போய் வந்தனாங்கள். நீங்கள் சொன்ன அந்த வேனில்தான் பல்மெய்ராவுக்குப் போனோம். உண்மையைச் சொன்னால் எனக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லாத மாதிரித்தான் இருந்தது. இரண்டு மூன்று படகு, மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள், ஒரு கடையில் பாட்டு. வழிகாட்டி அவசரப்படுத்திக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த இடம் புராக்கோனா. வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் பாறைக் குழிக்குள் ஒளி இறங்கி, தண்ணீர் நீலக் கண் மாதிரித் தெரியுமே, அது.

ஒரு கேள்வி. ஆறும் இல்லை, மழையும் இல்லை என்கிறீர்கள். விடுதியில் நீச்சல் குளம் நிறையத் தண்ணீர். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். அந்தத் தண்ணீர் முழுக்க எங்கே இருந்து வருகிறது?

---

நெய்தல்வாசன்

அக்கா, கடலிலிருந்துதான் வருகிறது. நீங்கள் அங்கே கை கழுவிய தண்ணீரும் சற்று முன்பு கடல்நீராக இருந்ததுதான்.

பல்மெய்ராவில் இருக்கும் ஆலை பல ஆண்டுகள் எலெக்ட்ரா என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. மின்சாரமும் தண்ணீரும் ஒரே நிறுவனம் பார்த்ததற்குக் காரணம் உண்டு. கடல்நீரை அதிக அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளினால் நல்ல தண்ணீர் ஒரு பக்கமும் கடும் உப்புநீர் மறுபக்கமும் பிரியும். நம் வீட்டு ஆர்.ஓ. கருவியில் நடப்பதுதான், ஆனால் கடல்நீருக்கு அழுத்தம் பல மடங்கு வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போய்விடும். அந்த மின்சாரத்துக்கு டீசல், அந்த டீசலுக்குக் கப்பல். ஆக, சால் தீவில் ஒரு குடம் தண்ணீரின் விலைக்குள் உலகச் சந்தையின் எண்ணெய் விலை உட்கார்ந்திருக்கிறது. எங்கோ போர் மூண்டால் இங்கே குளிக்கும் தண்ணீர் விலை ஏறும்.

காற்றாலை வந்தபின் இந்தச் சுமை கொஞ்சம் குறைந்தது. காபேயோலிக்கா என்ற திட்டத்தில் 2011-12 வாக்கில் நான்கு தீவுகளில் காற்றாலைகள் நட்டார்கள். அதில் சாலின் பங்கு ஒன்பது விசிறிகள், 7.65 மெகாவாட். எத்தனையோ தலைமுறையாக மண்ணை வறட்டிய காற்று இப்போது தண்ணீர் செய்ய உதவுகிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

குழாய் எல்லா வீட்டுக்கும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். லாரியில் வாங்கித் தொட்டியில் ஊற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. பொதுக் குழாயடிக்குக் கேனோடு போகிறவர்கள் உண்டு. ஷஃபரீஸ் என்கிறார்கள் அந்தக் குழாயடியை. காசு கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாசலில் நிற்கும் ஒற்றைச் செடிக்கு ஊற்றாமல் யாரும் வீணாக்கிப் பார்த்ததில்லை.

---

பாலைத்திணை

> நீச்சல் குளம் நிறையத் தண்ணீர்

இதைத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். சாந்தா மரியா பக்கம் விடுதிகளுக்குத் தண்ணீர் கொடுக்கத் தனியார் ஆலையே இருக்கிறது. பணம் இருந்தால் பாலைவனத்திலும் புல்வெளி வளர்க்கலாம். ஒரு பக்கம் புல்தரை, இன்னொரு பக்கம் கேனோடு வரிசை. இரண்டும் ஒரே தீவில், அரை மணி நேரப் பயணத்தில்.

கேப் வெர்டே பொருளாதாரத்தில் ஏறக்குறைய கால் பங்கு சுற்றுலாவிலிருந்து வருகிறது, அந்தப் பயணிகளில் பெரும்பகுதி சாலுக்கும் போவா விஷ்டாவுக்கும்தான் போகிறார்கள். சரி, நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும்தான். ஆனால் எல்லாம் சேர்த்துக் கட்டணம் வாங்கும் பெரிய விடுதிகளில் பணம் வெளிநாட்டிலேயே கட்டப்படுகிறது. சாப்பாட்டுப் பொருளும் பெரும்பகுதி வெளியிலிருந்து கப்பலில் வருகிறது. விடுதியைக் கட்டியவர்கள், அறையைப் பெருக்குகிறவர்கள் சான்டியாகோ தீவிலிருந்தும் கினி பிசாவ், செனகலிலிருந்தும் வந்து தீவின் முக்கிய ஊரான எஸ்பார்கோஸ் ஓரத்தில் தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய வீடுகளில் குடியிருக்கிறார்கள்.

2020-இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, அந்தத் தீவுக்கு வேறு தொழிலே இல்லை என்பது வெளிப்பட்டது. நெய்தல்வாசன் துறைமுகத்தை விரும்பிப் பார்க்கிறார், புரிகிறது. ஆனால் அந்தத் துறைமுகம் இன்று யாருக்காக இயங்குகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

---

அளத்துக்காரன்

தூத்துக்குடிக்காரன். மூன்று தலைமுறையாக உப்பளம். இந்த இழையில் சால் என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். போர்ச்சுகீசிய மொழியில் சால் என்றாலே உப்புதான், ஆனால் உப்பைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே.

நான் அந்தத் தீவுக்குப் போனதில்லை. ஆனால் பெத்ரா தெ லூமே உப்பளத்தைப் பற்றிப் படிக்காமல் விட்டதில்லை. தீவின் கிழக்கே, அணைந்துபோன எரிமலையின் வாய்க்குள் உப்பளம்! தரை கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் பாறை இடுக்கு வழியாகக் கடல்நீர் தானே ஊறி வருகிறது. நாங்கள் கடல்நீரை ஏற்றி, தெப்பத்தில் நிறுத்தி, பாத்தி பாத்தியாகக் கடத்திக் காய்ச்ச வேண்டியிருக்கிறது. உப்பின் அடர்த்தியை நாங்கள் போமே டிகிரியில் அளப்போம்: கடல்நீர் மூன்றரை டிகிரி இருக்கும், 25 டிகிரி வந்தால்தான் உப்பு விழும். அங்கே வெயிலும் காற்றும் வருடம் முழுக்க வேலை செய்கின்றன. எங்களுக்கு ஐப்பசி வந்தால் அளம் படுத்துவிடும், தைக்குப் பிறகு சேறு மிதித்துப் பாத்தி கட்டி மறுபடி தொடங்க வேண்டும். அந்தத் தீவுக்கு மழைபெய்யாத சாபம் உப்புக்கு மட்டும் வரமாக இருந்திருக்கிறது.

மனுவேல் அந்தோனியோ மார்த்தின்ஸ் என்ற வணிகர்தான் அதைப் பெரிய அளவில் தொடங்கினார். எரிமலைச் சுவரைக் குடைந்து 1804-இல் சுரங்கவழி போட்டார்கள். அதற்கு முன் மலை விளிம்பின் மேல் ஏற்றி இறக்கித்தான் உப்பு வெளியே வந்தது. வாரியவர்கள், சுமந்தவர்கள் அடிமைகள். இதைச் சொல்லாமல் அந்த உப்பளத்தின் கதையைச் சொல்லக் கூடாது. வெயிலில் உப்புத் தரையின் வெளிச்சம் கண்ணை என்ன செய்யும், உப்புநீர் காலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கூலி வாங்கிக்கொண்டு செய்கிறவனுக்கே அது தாங்காது.

அந்த உப்பு பிரேசிலுக்குப் போனது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரேசில் தன் உப்பளங்களைக் காப்பாற்ற வெளி உப்பைத் தடுத்ததும் தொழில் சரிந்தது. பின்னால் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று கம்பிவடம் போட்டுத் தொட்டிகளில் உப்பை நேரே கரைக்கு இறக்கியது. அந்த மரக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன என்று படங்களில் பார்த்தேன். இப்போது சுற்றுலாப் பயணிகள் அங்கே மிதக்கிறார்கள்.

என் கேள்வி நெய்தல்வாசன் ஐயாவுக்கு: உப்பு கிழக்கே, சாந்தா மரியா உப்பளம் தெற்கே. அப்புறம் ஏன் மேற்கே இருக்கும் பல்மெய்ரா துறைமுகமாகிவிட்டது?

---

நங்கூரம்77

இதற்கு நான் பதில் சொல்கிறேன். சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்தவன்.

உப்புக் கப்பல் பாய்மரக் கப்பல். திறந்த கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, படகில் உப்பை ஏற்றிக்கொண்டு, காற்றைப் பிடித்துப் போய்விடும். பெத்ரா தெ லூமேயின் சின்னத் துறையும் சாந்தா மரியாவின் மரப்பாலமும் அதற்குப் போதும். டாங்கர் கப்பலுக்குப் போதாது. எண்ணெய் இறக்கும் கப்பல் குழாயை மாட்டிக்கொண்டு பல மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். அதற்குக் காற்று மறைவு கட்டாயம்.

அவ்வளவு எண்ணெய் எதற்கு என்றால், விமான நிலையம். 1939-இல் இத்தாலியர்கள் கட்டியது. ரோமிலிருந்து தென்னமெரிக்காவுக்குப் பறந்த விமானங்கள் நடுவழியில் இறங்க இடம் வேண்டும் என்று தட்டையான இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். போருக்குப் பிறகு போர்ச்சுகல் அதை எடுத்துக்கொண்டது. 1960-களில் நிறவெறி ஆட்சியைக் கண்டித்து ஆப்பிரிக்க நாடுகள் தென்னாப்பிரிக்க விமானங்களைத் தங்கள் வான்வெளியில் விட மறுத்தபோது, அவை கண்டத்தைச் சுற்றிக் கடல் மேலேயே பறந்து ஐரோப்பா போயின. எரிபொருள் நிரப்ப இறங்கியது சாலில். விடுதலைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. அங்கோலா போரில் தென்னாப்பிரிக்காவை எதிர்த்து நின்ற கியூபாவின் விமானங்களும் அதே ஓடுபாதையில் இறங்கின. போர்க்களத்தில் எதிரெதிரே நின்றவர்களுக்கு ஒரே தீவு எண்ணெய் ஊற்றியது. புதிதாக விடுதலை பெற்ற, மழை பொய்த்த, கையில் காசில்லாத நாடு அது. தரையிறங்கும் கட்டணத்தை விட முடியாத நிலையில் இருந்தது. விடுதலைப் போராட்டத்தின் தலைவர் அமில்கார் கப்ராலின் பெயரில்தான் அந்த விமான நிலையம் இருக்கிறது. அவர் 1973 ஜனவரி 20 அன்று கொல்லப்பட்டார், கொடி ஏறியதைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. இந்தத் தீவுக்கூட்டத்தின் பெரிய துறைமுகம் சாவ் விசென்ட் தீவின் மின்டெலோ. 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி போட்ட இடம், ஆங்கிலேயர்கள் நடத்தியது. மாலுமிகள் மின்டெலோவைத்தான் பேசுவார்கள். பல்மெய்ரா அந்த வரிசையில் வராது. ஆனால் சிறு பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்களுக்கு இதுதான் முதல் கரை. கனேரித் தீவுகளிலிருந்து ஏறக்குறைய 800 கடல் மைல் தெற்கே இறங்கி, பல்மெய்ராவில் நங்கூரம் போட்டுக் கடவுச்சீட்டில் முத்திரை வாங்கி, காய்கறி நிரப்பி, அப்புறம் கரீபியனுக்கு 2,000 கடல் மைலுக்கு மேல் போக வேண்டும். நவம்பர், டிசம்பரில் பாருங்கள், விரிகுடாவில் பாய்மரங்கள் நிறைந்திருக்கும்.

நீண்ட அலை வடமேற்கிலிருந்து வரும் நாட்களில் மட்டும் அந்த மறைவு உதவாது. படகு இரவெல்லாம் புரளும்.

---

அளத்துக்காரன்

நன்றி ஐயா, தெளிவாகப் புரிந்தது. நிறவெறிக் கால விமானச் செய்தி எனக்குப் புதிது.

---

வன்னிமகள்

நங்கூரம் அண்ணை எழுதியதை வாசித்த பிறகு அந்தத் தீவே வேறு மாதிரித் தெரிகிறது. நாங்கள் இறங்கிய ஓடுபாதைக்கு இவ்வளவு கதை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

பல்மெய்ராவில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்களைப் பற்றி யாராவது எழுதுவீர்களா? எங்கட ஊர்க் கடற்கரையிலும் மீன் விற்பது பெண்கள்தான். அவர்களோடு கதைக்க ஆசையாக இருந்தது, நேரம் விடவில்லை.

---

நெய்தல்வாசன்

எழுதுகிறேன். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ஆண்கள் சின்ன மரப் படகுகளில் போகிறார்கள். அவுட்போர்டு மோட்டார், இரண்டு மூன்று பேர், தூண்டில்தான் முக்கியக் கருவி. சூரை, வஞ்சிரத்தின் உறவான வாஹூ, களவா, அஞ்சாலை இவை வரும். அஞ்சாலையை நம்மில் பலர் தொடமாட்டோம். அங்கே துண்டு போட்டு மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள், ருசி அபாரம்.

படகு கரையைத் தொட்டதும் அதிகாரம் கை மாறுகிறது. மீனுக்கு விலை பேசுவது, பிரிப்பது, பேசினில் அடுக்கித் தலையில் வைத்து எஸ்பார்கோஸுக்குக் கொண்டுபோய் விற்பது எல்லாம் பெண்கள். பெஷேரா என்பார்கள். கடனுக்கு டீசல் வாங்கப் பணம் கொடுப்பதும் சில நேரம் அவர்களே. நான் பேசிய ஒரு அம்மா சாவ் நிக்கொலாவ் தீவிலிருந்து சின்ன வயதில் வந்தவர். பல்மெய்ராவில் யாரைக் கேட்டாலும் அப்பாவோ பாட்டியோ வேறு தீவு என்பார்கள். சாலில் பூர்வகுடி என்று யாரும் இல்லை. 1683-இல் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி இங்கே இறங்கியபோது தீவு முழுக்க விரல்விட்டு எண்ணும் மனிதர்கள்தான் இருந்தார்கள், அவர்களின் ஆளுநரும் கந்தல் உடையில் இருந்தார். மெலிந்த ஆடுகளை அன்பளிப்பாகக் கொண்டுவந்த அவருக்குக் கப்பல் தலைவர் ஒரு கோட்டைக் கொடுத்தாராம்.

மற்றத் தீவுகளில் மனிதர்கள் இருந்தார்கள், ஆனால் மழை பொய்த்தால் சாவு. 1941 முதல் 43 வரை ஒரு பஞ்சம், 1947-48-இல் இன்னொன்று. பல்லாயிரம் பேர் பட்டினியில் இறந்தார்கள். அப்போது ஆண்ட போர்ச்சுகல் அரசு கப்பலில் மக்காச்சோளம் அனுப்புவதைவிட, பசித்தவர்களைத் தன் இன்னொரு காலனியான சாவ் தொமே தீவின் கோக்கோ தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்புவதில்தான் வேகம் காட்டியது. அந்த நினைவு இன்னும் வீடுகளில் இருக்கிறது. அந்த அம்மா தட்டில் ஒரு சோளமணியைக்கூட மிச்சம் வைக்க விடமாட்டார். கச்சூப்பா என்ற உணவு, சோளமும் பயறும் மீனோ இறைச்சியோ சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பது. மிஞ்சியதை மறுநாள் காலையில் தாளித்து வறுத்து, மேலே முட்டை போட்டுச் சாப்பிடுகிறார்கள். பழைய சோறு தெரிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பாலைத்திணை கேட்டதற்கும் இங்கேயே பதில். துறைமுகம் இன்று பெரும்பாலும் விடுதிகளுக்காக இயங்குகிறது என்பது உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துறைமுகம் இருப்பதால்தான் மழை பொய்த்த வருடத்தில் இப்போது யாரும் சாவதில்லை. சோளம் வந்து இறங்குகிறது, தண்ணீர் செய்யப்படுகிறது. எனக்கு இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க முடிகிறது.

---

பாலைத்திணை

ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. இப்போது சாவதில்லை என்பது உணவு உதவி, அரசின் பொதுவேலைத் திட்டங்கள், வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணம் இவை சேர்ந்து நடந்தது. துறைமுகம் இவை வந்து சேர ஒரு வழி, அவ்வளவுதான். 1940-களிலும் துறைகள் இருந்தன, கப்பலை அனுப்ப அரசுக்கு மனம்தான் இல்லை.

அப்புறம் மீன். சிறு படகுக்காரர்கள் சூரையைத் தூண்டிலில் பிடிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தோடு நாடு போட்ட ஒப்பந்தத்தின்படி ஸ்பெயின், பிரான்ஸ், போர்ச்சுகல் கப்பல்கள் அதே சூரையைப் பெருமளவில் எடுக்கலாம். அதற்கு ஈடாக வரும் தொகை சிறியது. பல்மெய்ராவின் படகு இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது என்றால் அதற்கு இதையும் காரணமாகச் சேர்க்க வேண்டும்.

---

சேதுக்கரையான்

இராமநாதபுரத்திலிருந்து. ஒரு சந்தேகம். அந்த இன்னொரு இழையில் போட்ட படங்களில் சாலையோரம் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்த முள்மரம் நிற்கிறது. இலை, நெற்று எல்லாம் பார்த்தால் நம் சீமைக்கருவேலம் போல இருக்கிறது. அதுவா?

---

நெய்தல்வாசன்

அதேதான். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. விடுதலைக்குப் பிறகு கேப் வெர்டே அரசு செய்த பெரிய வேலைகளில் ஒன்று மரம் நடுவது, நட்ட மரங்களில் பெரும்பங்கு இது. தெற்கே உள்ள மாயோ தீவில் காடாகவே இருக்கிறது. அங்கே அகாசியா என்று அழைக்கிறார்கள். வேலைக்குக் கூலி, ஆட்டுக்கு நெற்று, அடுப்புக்கு விறகு, மண்ணுக்குப் பிடிப்பு என்று நான்கும் ஒன்றாகக் கிடைத்ததால் மக்களுக்கு அதன் மேல் மரியாதை.

---

சேதுக்கரையான்

எங்கள் பக்கம் கண்மாயெல்லாம் இதுதான் அடைத்துக்கொண்டு நிற்கிறது. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவே போட்டது. நிலத்தடி நீரைக் குடித்துவிடும் என்ற புகார் அங்கே இல்லையா?

---

பாலைத்திணை

இருக்கிறது. சான்டியாகோ தீவில் பள்ளத்தாக்குகளில் விவசாயக் கிணறுகளுக்குப் பக்கத்தில் நிற்கும் மரங்களைப் பற்றி அதே கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள். சாலில் விவசாயமே கிடையாது என்று சொல்லிவிடலாம், அதனால் அங்கே சண்டை இல்லை. மரம் ஒன்றுதான். கண்மாய்க்குள் வளர்ந்தால் ஒரு கணக்கு, வெறும் கல்தரையில் வளர்ந்தால் வேறு கணக்கு. அதை எங்கும் நடு என்று சொல்வதும் எங்கும் வெட்டு என்று சொல்வதும் தவறு.

காய்கறி பற்றியும் ஒரு செய்தி. பசுமையான சான்டோ அன்டாவ் தீவில் ஒரு மரவட்டைப் பூச்சித் தொல்லையால் 1980-களிலிருந்து அங்குள்ள விளைபொருட்களை மற்றத் தீவுகளுக்கு அனுப்பப் பல ஆண்டுகள் தடை. மலையில் விளைகிறது, சாலில் விலைக்கு ஆள் இருக்கிறது, நடுவே கப்பலும் இருக்கிறது, ஆனாலும் அனுப்ப முடியவில்லை. விடுதிகள் ஐரோப்பாவிலிருந்து தக்காளி வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

வன்னிமகள்

அண்ணை, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணம் என்று எழுதினீர்கள். அது எனக்குப் பிடிபடுகிறது. அங்கே விடுதியில் வேலை செய்த ஒரு பிள்ளை சொன்னா, தாய் ரோட்டர்டாமில், அக்கா அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம். நாட்டில் இருப்பவர்களைவிட வெளியில் இருக்கும் கேப் வெர்டே ஆட்கள்தான் கூட என்றா. பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் உடுப்பு, அரிசி, எண்ணெய், பிள்ளைகளின் சப்பாத்து எல்லாம் அடைத்துக் கப்பலில் அனுப்புவார்களாம். பீப்பாய் வந்தால் வீட்டில் திருவிழா. நாங்களும் கொழும்புக்குப் பெட்டி கட்டி அனுப்பினவர்கள்தான், அந்தச் சந்தோஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பீப்பாய்களும் பல்மெய்ராவிலா இறங்கும்?

---

நங்கூரம்77

அமெரிக்காவிலிருந்து வருபவை பெரும்பாலும் தலைநகர் பிரையாவுக்கோ மின்டெலோவுக்கோ வரும் தங்கச்சி. சாலுக்கு உரியவை அங்கிருந்து தீவிடைக் கப்பலில் பல்மெய்ராவுக்கு வரும். சுங்கத்தில் காத்திருந்துதான் எடுக்க வேண்டும்.

---

வன்னிமகள்

நன்றி அண்ணை. பிப்ரவரியில் பள்ளி விடுமுறைக்கு மறுபடி போக யோசிக்கிறோம். இந்த முறை வேனில் இல்லை, நாங்களாகவே பல்மெய்ராவுக்குப் போக வேண்டும். எப்படி, எந்த நேரம்? பிள்ளைகளுக்கு ஆமை பார்க்க ஆசை, அதுவும் அப்போது முடியுமா?

---

நெய்தல்வாசன்

ஆமை முடியாது அக்கா. பெருந்தலை ஆமைகள் முட்டையிட வருவது ஜூன் முதல் அக்டோபர் வரை. உலகிலேயே அவை அதிகமாக முட்டையிடும் இடங்களில் கேப் வெர்டே ஒன்று. முன்பெல்லாம் இறைச்சிக்காகப் பிடித்தார்கள், 2018-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு கொல்வதும் விற்பதும் சாப்பிடுவதும் குற்றம். அந்த மாதங்களில் போனால் உரிமம் உள்ள வழிகாட்டியோடு மட்டும் போங்கள், கைபேசி விளக்கை அடிக்க வேண்டாம்.

பல்மெய்ராவுக்கு: சாந்தா மரியாவிலிருந்து எஸ்பார்கோஸ் வரை பகிர்வு வேன் ஓடும், அலுகேர் என்பார்கள், ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். எஸ்பார்கோஸிலிருந்து பல்மெய்ரா பக்கம்தான். யூரோ வாங்குவார்கள், ஆனால் எஸ்குடோ வைத்துக்கொள்வது நல்லது. ஒரு யூரோவுக்கு 110 எஸ்குடோ என்று நிலையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

முற்பகல் போய்விடுங்கள், படகுகள் திரும்பும் நேரம். எது வந்திருக்கிறது என்று பார்த்து, பக்கத்துக் கடையில் அதையே பொரித்துத் தரச் சொல்லுங்கள். மீன் விற்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கொஞ்சம் வாங்கினீர்கள் என்றால் அவர்களே பேசுவார்கள், கிரியோல் தெரியாவிட்டாலும் கையால் பேசிக்கொள்ளலாம். மார்ச் 19 புனித சூசையப்பர் திருவிழா, அந்த ஊரின் பெருநாள். உங்களுக்கு அது தள்ளிப் போகிறது.

புராக்கோனாவில் கடல் குளத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள், பிப்ரவரி அலை திடீரென்று பாறை மேல் ஏறும்.

---

நங்கூரம்77

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை சகாராவிலிருந்து தூசி மூட்டம் வரும். கப்பல் தளம் முழுக்கச் செம்மண் படிந்து கழுவிக் கழுவி மாளாது. ப்ரூமா சேக்கா என்பார்கள். கடுமையாக இருந்தால் விமானம் இறங்க முடியாமல் தள்ளிப்போகும். ஊர் திரும்பும் நாளுக்கு மறுநாளே வேலையோ பள்ளியோ வைத்துக்கொள்ளாதீர்கள். மூச்சு இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் மருந்தைக் கையில் கொண்டு போங்கள்.